என்னைக் கேட்காமல் நேர்ந்தது

என் அம்மா என்னைக் கன்னியாஸ்திரீ மடத்துக்கு நேர்ந்துவிட்ட விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என் தாடையைப் பிடித்து, கொடுத்துவைத்தவள் என்றார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி வாய்தவறிச் சொல்லித்தான் கேட்டேன்.

பஞ்சாலையில் வேலை பார்த்த என் அண்ணன் விஷ ஜுரத்தில் விழுந்திருந்தான். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளைக்காரத் தெரு வீடுகளுக்குத் துணி தைத்துத்தான் அம்மா எங்களை வளர்த்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்ததும் அவள் நேரே கோயிலுக்குப் போய் மாதா பீடத்தின் முன்னால் விழுந்து, பிள்ளை பிழைத்தால் பெண்ணைக் கன்னியாஸ்திரீயாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவன் பிழைத்தான், நான் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பதினாறு வயது. மடத்துக்குப் போகும் ஆசை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அது பாஸ்குவுக்கு முந்தின தபசு காலம், நாற்பது நாள் ஒறுத்தல். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செபம் முடிந்ததும், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எங்களுக்குப் பலியைப் பற்றிச் சொல்லுவார். பிதா தம் ஒரே மகனையே நமக்காகக் கொடுத்தாராம். ஆபிரகாம் தன் பிள்ளை ஈசாக்கைக் கொடுக்கத் துணிந்தானாம். அதே போல நம் தெருவிலும் ஒரு தாய் இருக்கிறாள் என்று அம்மாவைக் கைகாட்டுவார். அந்த ஒரு பலியால் எங்கள் குடும்பமே கரையேறுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதருக்கு நான்கு பெண்கள். ஒருத்தியைக்கூட அவர் மடத்துக்கு நேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அண்ணனாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தேன். அவன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, அப்போது தனக்கு நினைவே இல்லை, தன்னைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றான். உயிர் பிழைத்தவனுக்கு நல்ல பசி. அவன் தட்டைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

சேசுநாதர் உயிர்த்த பாஸ்கு திருநாளுக்கு மறுநாள் மடத்திலிருந்து வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. பெரிய வியாழன் மத்தியானம் அம்மா தகரப் பெட்டியைத் திறந்துவைத்து, எனக்காகத் தைத்த வெள்ளைத் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"சேசுநாதர் தன்னத்தானம்மா குடுத்தாரு? பக்கத்து வூட்டுப் பொண்ணப் புடிச்சிக் குடுத்தாரா?"

அம்மா நிமிரவில்லை. "குடுக்கலன்னா அவன எடுத்துக்குவாருடி" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது பக்தி இல்லை, பயம். அண்ணன் தேறிய பிறகும் இத்தனை நாள் அவன் படுக்கைப் பக்கத்திலேயே அவள் பாயைப் போட்டுக்கொண்டு படுத்ததும் அதற்குத்தான். புரிந்தாலும் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

"அப்ப அவரு செத்தது பத்தலியாம்மா? இன்னும் ஆள் கேக்குறாரா?"

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவையில் அறைந்த சேசுநாதரின் பாடுபட்ட சுரூபத்தைப் பீடத்துப் படியில் கிடத்தியிருந்தார்கள். ஆண்கள் அதன் பாதத்தை முத்தி செய்து முடித்த பிறகு பெண்கள் வரிசையாக முழங்காலில் நகர்ந்து போனோம். அம்மா எனக்கு முன்னால் இருந்தாள். சேசுநாதர் காலில் ஆணி அடித்த இடத்தில் வாயை வைத்தவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். உபதேசியார் குனிந்து, ஆகட்டும் என்று அவசரப்படுத்தினார். அவள் காதில் அது விழவில்லை. அவள் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்குப் பின்னால் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"பத்தும்னு சொல்லு சாமி. பத்தும்னு ஒரு வார்த்த சொல்லு."

என் கோபம் அந்த இடத்தில் அவளை விட்டு இறங்கியது. இறங்கி எங்கே போனது என்றால், குனிந்து நின்ற அந்த உபதேசியார் மேல். எல்லாருக்காகவும் ஒருவர் செத்தார் என்று வருஷா வருஷம் சொல்லிவிட்டு, இந்தப் பொம்பளையை இப்படி நடுங்க வைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. நான் அம்மாவின் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

வியாழக்கிழமையிலிருந்து ஓய்ந்திருந்த கோயில் மணிகள் சனிக்கிழமை காலையில் திரும்ப அடித்தபோது அம்மா பெட்டியைக் காலி செய்தாள். திங்கட்கிழமை வந்த மடத்துத் தலைவி பெரியம்மாவிடம், பெண்ணுக்கு விருப்பம் இல்லை, பொருத்தனை செய்தது நான், அதனால் அவளுக்குப் பதில் நானே வந்து உழைக்கிறேன் என்றாள். சனிக்கிழமைதோறும் மடத்துப் பீடத்துணிகளைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. ஐயோ பாவம், வேண்டாம் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் மங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போகும்வரை அவள் தைத்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது. அண்ணனுக்கும் ஆனது, நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவன் ஒரு தரம் இருமினால் போதும், அம்மா அவனைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள். ஒவ்வொரு தரமும் நான் இதையேதான் சொன்னேன்.

"அது பீடி இருமல்மா. என்னப் பாக்காத."