கவிழ்த்து வைத்த முறம்

போன ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஞானசுந்தரி வாத்தியாரம்மாவுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். புதிதாக வந்திருக்கும் பாதிரியார் எழுந்து, "அம்மையார் இயல்பிலேயே மெல்லிய குரல் உடையவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி அறியாதவர்" என்று உருகி உருகிப் பேசினார். மெல்லிய குரலாம்! நல்ல கதை! செத்துப் போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? அதில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டாமா? என்னோடு படித்த டெய்சி பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையை அழுத்திப் பிடித்திருக்காவிட்டால் அங்கேயே எழுந்து சண்டை போட்டிருப்பேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள்கூட இல்லை. ஆண்டர்சன்பேட்டையில் வளையல் கடை வைத்திருக்கும் சம்பங்கி, முனியப்பன் மகள். கோயிலில் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

வாத்தியாரம்மா தங்கவயலுக்கு வந்தபோது அறுபதை எட்டிப் பிடிக்கும் வயது. குடியாத்தத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும்வரை பாடம் சொன்னவர். புருஷன் காலமாகி வெகுகாலம், பிள்ளையும் கிடையாது. "போதும், இனி வீட்டோடு இருங்கள்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். தங்கச் சுரங்கத்து ஊரில் பிள்ளைகள் நிறைய, பள்ளிக்கூடம் இல்லை என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

ஸ்கெலட்டன் என்ற பகுதியில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனை ஒட்டி, இரும்புக் கயிறு போட்டு வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. சுரங்கத்து துரை அதை அவருக்கு இரவல் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்த்து, பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று சொன்னால் கொட்டகை பள்ளிக்கூடத்துக்கே. இல்லையென்றால் மறுபடி கயிற்றுக்கு. துரையின் நிபந்தனை அது.

எங்கள் அம்மா மங்கம்மாவும் ஒரு நிபந்தனை வைத்தாள். பள்ளிக்கூடம் இருக்கும்வரை நான் போகலாம். மூடிவிட்டால் மறுநாளே, தங்கக் கல்லை இடித்துப் பொடியாக்கும் மில்லுக்குக் கல் பொறுக்கப் போகவேண்டும். என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவர்கள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும்.

முதல் வாரம் வாத்தியாரம்மா அவருடைய சொந்தக் குரலில் பாடம் நடத்தினார். அடேயப்பா! "அறம்" என்று அவர் சொன்னால் கொட்டகைத் தகரம் திருப்பிச் சொல்லும். நாங்களும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினோம். நாலாம் நாள் எங்கள் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது கூத்து? எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்டு பாத்துட்டு வந்து படுத்துக்கினு கீறாரு. தூங்காத ஆளு கீழ எறங்கி வெடிமருந்து வெச்சா இன்னா ஆவும் தெரியுமா? நாளிக்கு எதுனா ஆச்சின்னா நீ வந்து தூக்குவியா?"

கொட்டகைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் அப்பா தலைமாட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு புரண்டுகொண்டிருந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் அடுத்த வீட்டு ராஜப்பா தூக்கக் கலக்கத்தில் இரண்டு விரலைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

வாத்தியாரம்மாவுக்கு இதெல்லாம் புதுசு. அம்மாவோடு வெளியே வந்து லைனைப் பார்த்தார். சில வாசல்களில் மட்டும் முறம் கவிழ்த்து வைத்திருந்தது. "அது எதுக்கு?" என்று கேட்டார். முறம் கவிழ்ந்திருந்தால் உள்ளே நைட் ஷிப்டு ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். கீரைக்காரியும் அங்கே குரல் கொடுக்காமல் தாண்டிப் போவாள். சண்டை போடுகிற பெண்கள்கூட வேறு இடத்துக்குப் போய்த்தான் சண்டை போடுவார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்தமே கிடையாது. நாங்கள் உதட்டை மட்டும் அசைப்போம். வாத்தியாரம்மா அதைப் பார்த்தே படித்துவிடுவார். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்குப் பதில் வாய் வேறு மாதிரி சுழித்தால் போதும், பிரம்பு நீண்டு வந்து தோளைத் தொடும். வாய்ப்பாட்டுக்குத் தாளம் வேண்டும் என்று முழங்காலில் விரலால் தட்டச் சொன்னார். கடைசி வரிசையில் பொரியுருண்டை மெல்லுகிறவன் பாடு திண்டாட்டம். அவன் மெல்லுவது வாய்ப்பாடா உருண்டையா என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சிரிப்புதான் பெரிய தொல்லை. ஒருத்திக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துவிடும். அதற்கும் வழி செய்தார். சிரிப்பு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு மில்லுக்குப் பக்கத்து மண்மேட்டுக்கு ஓடவேண்டும். அங்கே போய் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத் திரும்பவேண்டும். சில நாள் வாத்தியாரம்மாவே எங்களோடு ஓடி வந்திருக்கிறார், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு!

இப்படி இரண்டு வருஷம் ஓடிய பிறகு ஒருநாள் இன்ஸ்பெக்டர் மாரிகுப்பத்தில் ரயிலை விட்டு இறங்கி வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் தடி. வந்ததும் வராததுமாக, "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்கள்" என்றார்.

எல்லோரும் எழுந்து நின்று சொன்னோம். உதடு அசைந்தது, விரல் தொடையில் தட்டியது. அவர் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

"என்ன விளையாட்டு இது? உரக்கச் சொல்லுங்கள்!"

வாத்தியாரம்மா தணிந்த குரலில் காரணத்தைச் சொன்னார். அந்த மனுஷருக்கு ஏறவில்லை. "தொழிலாளி தூங்குகிறான் என்று பள்ளிக்கூடத்தை ஊமையாக்குவதா? இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதை மறைக்கிறீர்கள்" என்று தடியால் தரையைத் தட்டினார். தட்டிக்கு அப்பாலிருந்து எங்கள் அம்மா விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்து, "உஷ்ஷ்!" என்று அவரை அதட்டினாள். கோட்டுப் போட்ட மனுஷரை! எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் மண்மேட்டுக்கு ஓட முடியாதே.

வாத்தியாரம்மா எங்களைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "பரவாயில்ல கண்ணுங்களா, இன்னிக்கி ஒரு தடவ சத்தமா சொல்லுங்க" என்றார். எங்களால் முடியவில்லை. வாயைத் திறந்தால் தட்டியைத்தான் பார்க்கிறோம். அங்கே அப்பா தூங்குகிறார். டெய்சி அழவே ஆரம்பித்துவிட்டாள், அதுவும் சத்தமில்லாமல்.

"சரி, நான் பார்த்தது போதும்" என்று இன்ஸ்பெக்டர் திரும்பினார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் மில்லும் உரிந்த விரல்களும் தெரிந்தன.

அப்போது எங்கள் வீட்டு வாசலில் அப்பா வந்து நின்றார். கோவைப்பழம் மாதிரிச் சிவந்த கண், கலைந்த குடுமி, தோளில் துண்டு. குனிந்தார். வாசலில் கவிழ்ந்திருந்த முறத்தை எடுத்தார். நிமிர்த்தி வைத்தார்.

"வாத்தியாரம்மா, புள்ளைங்க கத்தட்டும். ஒரு நாளு தூங்கலன்னா இன்னா, செத்தா பூடுவேன்?"

அடுத்த வீட்டு ராஜப்பா வெளியே வந்தார். மூன்று விரல் கையாலேயே முறத்தைப் புரட்டினார். அதற்கு அடுத்த வீடு, எதிர் வீடு என்று லைன் முழுக்க ஆண்கள் தூக்கக் கண்ணோடு வெளியே வந்து முறத்தை நிமிர்த்திவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள், தெருக்கூத்து பார்க்க வந்தவர்கள் மாதிரி.

பிறகு கத்தினோம் பாருங்கள்! ஒரு பதினாறு பதினாறு என்று தொடங்கி, இரண்டு வருஷமாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினோம். வாய்ப்பாடு முடிந்து பாட்டு, பாட்டு முடிந்து மாதப் பெயர்கள். இன்ஸ்பெக்டர் "போதும், போதும்" என்று கையைக் காட்டினார், நாங்கள் நிறுத்தவில்லை. எங்கள் அப்பாவுக்கு என் குரல் மட்டும் தனியாகக் கேட்டதாம். சாகும்வரை மறக்கமாட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

இன்ஸ்பெக்டர் அந்த ஆண்களைத் திரும்பிப் பார்த்தார். "கொட்டகை உங்களுக்குத்தான் அம்மா. துரையிடம் நானே சொல்லிவிடுகிறேன்" என்றார், கிசுகிசுவென்று. முறமெல்லாம் நிமிர்ந்துவிட்டதே, இனி எதற்கய்யா கிசுகிசுப்பு? மனுஷர் அடிமேல் அடி வைத்து லைனைத் தாண்டிப் போனார்.

நாங்கள் குதித்தோம். வாத்தியாரம்மா குதிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த ஆண்கள் எல்லோரும் தூங்காத கண்ணோடு கீழே இறங்கினார்கள் அல்லவா?

விடிந்ததும் அம்மாவோடு நான் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டு வாசலுக்குப் போனபோது வாத்தியாரம்மா எங்களுக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு, கேஜ், மேலே வந்தது. ஆட்கள் இறங்க இறங்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எங்கள் அப்பா கடைசிக் கேஜில் வந்தார், புழுதி பூசிய முகத்தில் பல் மட்டும் தெரியச் சிரித்துக்கொண்டு. அதுவரை இறுகியிருந்த வாத்தியாரம்மா வெடித்தார்.

"முனியப்பா! அறிவிருக்கா உனக்கு? இளிக்கிறியா? பள்ளிக்கூடம் போனா இன்னொண்ணு கட்டிக்குவேன், நீ போனா உன் பொண்ணுக்கு நான் எங்கய்யா போய் அப்பனைத் தேடுவேன்? ராஜப்பா, உனக்கும்தான்! இனி எவனாவது பள்ளிக்கூடத்துக்காகத் தூக்கத்த விட்டீங்க, பிரம்பு பிஞ்சிடும்!"

ஷாப்டே அதிர்ந்தது. கேஜ் என்ஜின் ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்தான். துரையின் குதிரை மிரண்டது. அவ்வளவு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்றார்கள். திட்டி முடித்த வாத்தியாரம்மா அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அதுதான் ஐயா அவருடைய குரல். பாதிரியாரே, கேட்டீரா?

அப்புறம் ஊருக்கு மின்சார விளக்கு வந்தது, பிளேக் வந்து போனது, எனக்குக் கல்யாணம் ஆனது. வாத்தியாரம்மா கண் மங்கும்வரை அதே கொட்டகையில் உதட்டைப் பார்த்துப் பாடம் நடத்தினார். பிறகு எங்கள் லைனிலேயே ஒரு வீட்டில் இருந்தார். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் பழைய பிள்ளைகள் நாங்கள் குறும்பாக வாசலில் முறத்தைக் கவிழ்த்துவிட்டுப் போவோம். எழுந்து பார்த்துவிட்டு, "நான் இன்னா நைட் ஷிப்டா பாத்துட்டு வந்தேன்?" என்று கத்துவார். மண்மேட்டில் சிரித்த மாதிரி அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாதம் ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு நான் ஓடிப் போனபோது எங்கள் அப்பா எனக்கு முன்னால் வந்திருந்தார். இப்போது அவருக்கு மூச்சு வாங்கும், பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டு முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். குனிந்து அதை வாத்தியாரம்மா வாசலில் கவிழ்த்து வைத்தார். அழ வாயெடுத்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கூவிக்கொண்டே தெருமுனையில் திரும்பிய கீரைக்காரி, முறத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, கூடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனாள்.