மியூரியலின் முதல் புருஷன்

மியூரியலுக்கு இரண்டு புருஷன்கள். ஒருவர் எங்களுக்குக் கீழ்வீட்டில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஜெர்மன் மண்ணுக்குள் இருந்தார். குடிவந்த முதல் நாளே மாடிப்படியில் நின்று இதை என்னிடம் சொல்லிவிட்டாள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது. ஒத்துப்போனோம்.

1966. மேற்கு ஜெர்மனியில் ஹெமர் என்கிற ஊர். அங்கே அப்போது கனடா ராணுவ முகாம் இருந்தது. முகாமில் வீடு கிடைக்காத குடும்பங்கள் ஊருக்குள் வாடகைக்கு இருந்தன. என் கணவர் சேதுராமன் பக்கத்து ஊரில் உலோக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் காய்கறிக் கடையில் சண்டை போட்டே ஜெர்மன் கற்றிருந்தேன்.

மியூரியல் கோதுமை விளையும் சஸ்காச்சுவானில் பிறந்தவள். யுத்தக் காலத்தில் எர்ல் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு வாரம்கூட முழுசாகச் சேர்ந்து இருக்கவில்லை, அவன் கப்பலேறிவிட்டான். குண்டு போடும் விமானத்தில் துப்பாக்கிக்காரன். இவள் தொழிற்சாலையில் பாராசூட் தைத்துக்கொண்டிருந்தாள். 1944-இல் விமானம் விழுந்தது. உடனே உயிர் போய்விட்டது, வலி தெரிந்திருக்காது என்று ராணுவத்தில் சொன்னார்கள். எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் அதையேதான் சொன்னார்களாம்.

பிறகு லாய்டைக் கட்டிக்கொண்டாள். காலில் குண்டுச் சிதறலோடு ஹாலந்திலிருந்து திரும்பியவர். யுத்தத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பார் என்று மியூரியல் சொல்வாள்.

ராணுவ மயானத்தில் இருந்த எர்லின் கல்லறைக்கு லாய்டே அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். முதலில் புதைத்தது வேறொரு கிராமத்தில் என்று அங்கே தெரிந்தது. அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும், ஜெர்மன் பேச நீ வா என்றாள் என்னிடம்.

"முகாம்லயே ஜெர்மன் பேசறவங்க இருப்பாங்களே?"

"இருக்காங்க. மறுநாள் அத்தனை பொம்பளைங்க வாயிலயும் நான்தான் இருப்பேன். உனக்கு ஊர்வம்பு பேச இங்க ஆளே கிடையாது."

அது நிஜம்தான்.

லாய்ட் ரயிலடியில் இறக்கிவிட்டு, "மெதுவா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ரயிலில் நான் கேட்டேன், "எர்லுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?"

"தெரியாது. நான் அவருக்குச் சமைச்சதே இல்ல. அவங்க அம்மா வீட்ல இருந்தோம். இருக்கிறது ஒரு போட்டோ. அதையே பார்த்துப் பார்த்து, ஆளு மறந்துபோச்சு வேதா. புதுசா ஒரே ஒரு விஷயம் கிடைச்சாப் போதும்."

கிராமத்துச் சர்ச் வாசலில் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், ஹூல்ஸ்மன் பண்ணையில் கேளுங்கள் என்றாள். போனோம். பண்ணைக்கார அம்மாளைக் கிழவி என்று சொல்ல முடியாது, அறுபது இருக்கும். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே தொங்கின என் புடவையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"எதுவும் வாங்கறதா இல்ல."

"விக்க வரல. இவ புருஷனைப் பத்திக் கேக்க வந்தோம்."

"என் வீட்ல எவ புருஷனும் இல்ல. என் புருஷனே ரஷ்யாவுக்குப் போனவன், வரல."

விமானம் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"எங்க வயல்ல விழுந்தவங்க ரெண்டு பேரு. ஒருத்தன் அங்கேயே முடிஞ்சுட்டான். இன்னொருத்தனை ஏணியில வச்சுத் தூக்கிட்டு வந்தோம். இதோ, இந்த பெஞ்சுலதான் கிடந்தான். விடியறதுக்குள்ள போயிட்டான்."

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். மியூரியல் அந்த பெஞ்சையே பார்த்தாள். "முடி என்ன நிறம்னு கேளு."

"தலையில தோல் தொப்பி. மூஞ்சி முழுக்க எண்ணெய்க் கறுப்பு. குண்டு போடுவாங்கன்னு விளக்கையும் மறைச்சு வச்சிருந்தோம்" என்றாள் அந்த அம்மாள். "சூடா பால் கொடுத்தேன். விரலால பாலாடையை எடுத்துத் தட்டு ஓரத்துல ஒதுக்கினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தான், தப்புப் பண்ண பிள்ளை மாதிரி. சாகப்போறவன் பாலாடைக்கு முகம் சுளிக்கிறானேன்னு எனக்குக் கோபம்கூட வந்துச்சு."

அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

வெளியே வந்து ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தோம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும் மியூரியல், "அது எர்ல்தானா?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் பாலாடை பிடிக்காதா?"

"அதுதானே எனக்குத் தெரியல. அவங்க அம்மாவும் செத்துட்டாங்க." கைப்பையைத் திறந்து மூடினாள். "அது அவர்தான்னு வச்சுக்கட்டுமா?"

"வச்சுக்கோ. ஆனா ராத்திரி முழுக்க வலியில கிடந்தார்னும் சேர்த்து வச்சுக்கணும். பாலாடையை மட்டும் தனியா எடுத்துக்க முடியாது."

முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன்தான். வேறு எப்படிச் சொல்வது? அவள் தலையாட்டினாள். ரயில் தூரத்தில் தெரிந்தபோது சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"எந்தக் கையால ஒதுக்கினாராம்?"

"அதை அவ சொல்லல."

"எர்லுக்கு இடது கைப் பழக்கம். அது எனக்கு நிச்சயமாத் தெரியும். கல்யாணத்துல வலது கையால மோதிரம் போடறப்ப தடுமாறினார்."

ரயிலை விட்டுவிட்டோம். அடுத்தது சாயங்காலம்தான். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே சேற்று வழியில் மியூரியலோடு மறுபடி நடந்தேன். ஹூல்ஸ்மன் அம்மாள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"இடது கை" என்றாள் உடனே. "வலது கை முறிஞ்சு தொங்கிட்டிருந்துச்சே. வேற எந்தக் கையால எடுப்பான்?"

இடது என்கிற ஜெர்மன் வார்த்தையை மியூரியலே புரிந்துகொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. மிச்சத்தையும் நான் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். கேட்டாள். கேட்டு முடித்த பிறகும் அந்த முகம் மாறவில்லை.

"உள்ள போய் அந்த பெஞ்சுல கொஞ்சம் உட்காரலாமான்னு கேளு வேதா" என்றாள்.

ஹூல்ஸ்மன் அம்மாள் தீனிக் கூடையை இறக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். நான் உள்ளே போகவில்லை.