மாமிக்குத் திவசம் இல்லை

என் மாமி மூன்று விதமாகச் செத்திருந்தார். காய்ச்சலில் என்றார் அப்பா. பாம்பு கடித்து என்றார் பெரியம்மா. சித்தப்பா, சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, கிணற்றில் விழுந்து என்றார். ஒரே வீட்டுக்காரர்கள், ஒரு சாவைப் பற்றி முன்கூட்டியே கூடிப் பேசி ஒத்துக்கொள்ளாமல் விட்டது அவர்களுடைய கவனக்குறைவு.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து கப்பலேறி, யாழ்ப்பாணத்தில் கோப்பாயிலிருந்த அப்பாவின் பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அதற்கு முன் ஒரு விடுமுறைக்குக்கூட அப்பா எங்களை அங்கே கூட்டிவந்ததில்லை. சாமி அறைக்கு வெளியே செத்தவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. எல்லாரும் கிழவர்கள். கடைசிப் படத்தில் மட்டும் இரட்டைப் பின்னல் போட்ட ஓர் இளம்பெண், அப்பாவின் மூக்கோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். அப்பாவின் அக்கா என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் பெரியப்பா மற்றவர்களுக்குப் போலவே அவருக்கும் நந்தியாவட்டை மாலை போடுவார்.

அந்தக் கிழவர்கள் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒரு திவசம் வந்தது. அன்று வடையும் பாயாசமும் உண்டு. உடுத்த துணியோடு வந்தவர்களுக்குப் பாயாசம் பெரிய விஷயம். ஆகவே அந்த நாட்களை நான் விடாமல் கவனித்துவந்தேன். ஒரு வருடம் முழுவதும் சுற்றி வந்தும் மாமிக்கு மட்டும் திவசம் வரவில்லை. பெரியப்பாவின் மகளிடம் கேட்டேன்.

“உந்தக் கதை மட்டும் கேளாதை” என்றார் அந்த அக்கா.

அதற்குப் பிறகு கேட்காமல் இருப்பது எப்படி?

அப்பப்பாவின் திவசத்தன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, ஐயரிடமே நேரே கேட்டேன். “ஐயா, எங்கடை மாமிக்கு எப்ப திவசம்?”

ஐயர் பெரியப்பாவைப் பார்த்தார். பொய் சொல்லாத மனிதர் என்று பெரியப்பாவுக்கு ஊரில் பெயர். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல், விரலில் இருந்த தர்ப்பையைக் கழற்றினார். ஊர்ச்சனம் நிலத்தைப் பார்த்தது. அம்மா கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது.

பின்னேரம் அப்பா கிணற்றடியில் தனியாக நின்றார். நான் போய், “அப்பா, மாமி எங்கை?” என்றேன்.

“செத்த ஆள் எங்கை இருக்கிறது?”

“செத்தவை எல்லாருக்கும் திவசம் இருக்கு.”

அப்பா ஒரு வாளி தண்ணீரை அள்ளி, குளிக்காமல், வாழையடியில் ஊற்றினார். பிறகு, “அளவெட்டியிலை” என்றார்.

“என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“ஏலாது.”

“அப்ப நான் பஸ்ஸிலை போவன். இறங்கி வீடு வீடாக் கேப்பன்.”

நான் கேட்பேன் என்பது அவருக்குத் தெரியும். காலையில்தான் பார்த்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஒடுங்கிய ஓர் ஒழுங்கை முடிவில், கிடுகு வேலிப் படலையைத் தள்ளித் திறந்துவிட்டு, வெளியே நின்றுகொண்டு, “நீ போ” என்றார். முற்றத்தில் ஒருவர் நாதஸ்வரச் சீவாளிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். யாரென்று கேட்காமலே உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். வந்தவருக்கு அங்கங்கே நரைத்திருந்தது. மூக்கு அதே மூக்குத்தான்.

“மாமி, நீங்கள் ஏன் செத்தனீங்கள்?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் கண்ணைத் துடைத்தார்.

“நான் சாகேல்லை பிள்ளை. இவரைத்தான் கட்டுவன் எண்டு நிண்டனான். அறைக்குள்ளை வைச்சுப் பூட்டினவை. சோறு தரத்தான் கதவு திறக்கும். கடைசியிலை கூரை ஓட்டைக் கழட்டிக்கொண்டு வெளியிலை வந்தனான். அண்டைக்கே படத்துக்கு மாலை போட்டிட்டினம்.”

“ஆர் பூட்டினது?”

மாமி படலைப் பக்கம் பார்த்தார். “பூட்டின்ரை திறப்பு உன்ரை அப்பாட்டைத்தான் இருந்தது. பதினேழு வயசுப் பொடியன். அண்ணை சொன்னதைச் செய்தவன். கதவுக்கு அங்காலை நிண்டு அழுவான். ஆனாத் திறக்கமாட்டான்.” பிறகு தேநீர் ஊற்றி வைத்துவிட்டுக் குரலை உயர்த்தினார். “டேய் தம்பி! உதிலை நிக்காதை, உள்ளை வா. தேத்தண்ணி ஆறுது.”

அப்பா வந்தார். “அக்கா” என்றார். சீவாளிக்காரர் எழும்பித் தன் கதிரையை அவரிடம் நகர்த்தினார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே அந்தத் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அந்த மனிதரைத் தேடிப்போய் அழைப்பார்கள் என்பதும், ஆனால் அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்பதும் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. அன்று, அப்பாவுக்கு நல்ல தாகம் போலும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது, “வீட்டை போன உடனை மாமியின்ரை மாலையைக் கழட்டப்போறன்” என்றேன்.

“ஓம். பெரியப்பா வீட்டிலைதான் நிப்பார்” என்றார் அப்பா. சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டு நடந்தார்.

“ஏன் அப்பா சைக்கிள் ஓடேல்லை?”

“காத்துப் போயிட்டுது.”

நான் குனிந்து இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தேன். கல்லுப்போல இருந்தன. ஒரே நாளில் இன்னொரு பொய்யையும் பிடித்துவிட்ட பெருமையில், “பொய்!” என்று கத்தினேன். அப்பா திரும்பவில்லை. எனக்குக் கால் வலித்தது. நல்ல சைக்கிளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஏன் இப்படி நடக்கவேண்டும் என்று, வீடு வரைக்கும், எனக்குக் கோபம் கோபமாக வந்தது.