சத்தம் மட்டும் வந்த கல்யாணம்

அவனை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னிடம் பெரிய மனதை எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் அபர்டீன் பஜாரில் பென்டிரைவில் சினிமா ஏற்றித் தரும் கடை வைத்திருந்தான். கடலடிக் கேபிள் வருவதற்கு முன் எங்கள் தீவில் இணையம் நத்தையாக ஊரும். மெயின்லேண்டுக்குக் கப்பல் என்று அறிவிப்பு வந்தால் போதும், பாதி ஊர் பென்டிரைவும் கையடக்க வீடியோ பிளேயருமாக அவன் கடையில் நிற்கும். மூன்று நாள் கடலில் பொழுது போக வேண்டுமே.

நான் சினிமாவுக்காகப் போகவில்லை. அப்பா இதய ஆபரேஷனுக்காகச் சென்னையில் படுத்திருந்தார். துணைக்குச் சித்தப்பா. தங்கையின் கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அப்பாவே பிடிவாதம் பிடித்ததால், தீவிலேயே எங்கள் புரோத்ராபூர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நான்தான் நடத்திவைத்தேன். ஆபரேஷனுக்கு முன் அந்தக் கல்யாணத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான். வீடியோக்காரர் தந்த ஃபைலை என் சின்ன பிளேயரில் ஓடும்படி மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரனிடம் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தந்துவிட்டான். கப்பலுக்கு ஓடினேன்.

நடுக்கடலில்தான் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடிக்க வழியில்லை.

கப்பல் தாமதம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பார்வையாளர் நேரம் முடிய அரைமணிதான் இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஆபரேஷன். அப்பா பிளேயரை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

“புடவை என்ன கலருடா?”

“அரக்குப்பா.”

“அழுதாளா?”

“கொஞ்சம்.”

கெட்டிமேளம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். படத்தில் இருக்க வேண்டியதையெல்லாம் நான் வாயால் சொன்னேன். மறுநாள் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கண் விழிக்கவேயில்லை.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பாமல், எங்கள் தீவின் இந்தி கலந்த தமிழில் சொன்னான் அவன்.

“நெஜமா மாத்தணும்னா ரெண்டு மணி நேரம் ஆகும் பாய். ஜஹாஜ் கெளம்புற நாள்ல எவ்ளோ கூட்டம், நீங்களே பாத்தீங்கள்ல? ஃபைல் பேருக்குப் பின்னாடி எம்பி4னு மாத்திப் போட்டுக் குடுத்துருவேன். பாதிப் பேருக்கு சல்தா ஹை, ஓடிடும்.”

அதன் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் டப்பாக்கள். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி அடைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். அதைக் கோடெக் என்கிறார்கள். பிளேயருக்கு அந்த முறை தெரியாவிட்டால் படம் வராது, டப்பாவின் மேல் எந்தச் சீட்டை ஒட்டினாலும் சரி. மிளகாய்த்தூள் டப்பாவில் சர்க்கரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் களவாணி.

பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். கப்பல் நாட்களில் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். யார் வந்தாலும் இலவசமாக மாற்றிக் கொடுத்து, அவரவர் பிளேயரிலேயே ஓட்டிக் காட்டி அனுப்பினேன். வடகோடித் திக்லிபூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்கூட என்னைத் தேடி வந்தார்கள். புண்ணியம் என்றார்கள். புண்ணியமாவது மண்ணாவது! அவன் கடைக் கூட்டம் கரைய வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். கரைந்தது. அவன் செல்போன் கவர் விற்க ஆரம்பித்தான். எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

கேபிள் வந்த பிறகு என்னிடமும் ஆள் குறைந்தது. பெஞ்சை மட்டும் நான் விடவில்லை. போன மாதம் அவனே வந்து நின்றான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

“பையன் ஷாதி வீடியோ பாய், கல்யாணம் இங்கதான் நடந்துச்சு. ஊர்ல எங்கம்மா படுத்த படுக்கை, வர முடியல. போன்ல பாக்கக் கண்ணு பத்தாது. அங்க இருக்கறது பழைய டிவி. போன தடவ கொண்டுபோன வீடியோல சத்தம் மட்டும்தான் வந்துச்சு. கடைக் கம்ப்யூட்டர எப்பவோ வித்தாச்சு, எனக்கு இந்தக் கோடெக் சமாச்சாரம் பிடிபடவும் இல்ல. மாத்திக் குடுங்க, நாலு மணிக்கு ஜஹாஜ்.”

டீ வாங்கிக் குடித்தபடி காத்திருந்தான். சின்ன வீடியோதான், நாற்பது நிமிடத்தில் ஒழுங்காக மாற்றி முடித்தேன். பழைய டிவியிலும் தங்கமாக ஓடும். அதை லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டேன். அவன் பென்டிரைவில் இருந்த ஃபைலின் பேரில் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றினேன். லேப்டாப்பில் ஓட்டியும் காட்டினேன். லேப்டாப்பில் எது போட்டாலும் ஓடும்.

“அங்க ஓடும்ல பாய்?”

“சல்தா ஹை,” என்றேன்.

அப்போதும் அவனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வரிசைக்கு ஓடினான்.

கப்பல் நகர்ந்ததும் நான் மாற்றி வைத்திருந்த ஃபைலை அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன். மணப்பெண்ணின் புடவை பச்சை. அவன் அம்மா கேட்பாள். அவனும் வாயாலேயே சொல்லட்டும்.