தனம் அக்காவின் பித்தளை டோக்கன்கள்

தாம்பரத்தில் ஓர் ஏழைப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வேண்டுமென்றால், அது முதலில் தன் முகத்தைக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர்கள் பையைக் கொடுப்பார்கள், பதிலுக்கு முகத்தை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வட்டாரத்தில் இதற்குச் சேவை என்று பெயர். இது வியாபாரம் என்று சேவை செய்கிறவர்களின் நடுவிலேயே உட்கார்ந்து சொன்ன ஒரே ஆள், போன மாதம் செத்துப்போனார்.

செய்தி வந்தபோது நான் திருமுடிவாக்கத்தில் வேலை செய்யும் பட்டறையில், மிஷினிலிருந்து வந்த புஷ் என்னும் சிறு உலோக வளையங்களை அளந்துகொண்டிருந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, வேலைல கீறியா?"

"ஆமாண்ணா, சொல்லு."

"அக்கா பூட்டாங்க."

"எந்த அக்கா?"

"எனுக்கும் உனுக்கும் எத்தினி அக்கா கீறாங்க?"

கையிலிருந்த புஷ்ஷை மறுபடி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. அதைக் கழித்துப்போட்டவற்றின் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தனலட்சுமி என்ற பெயர் நினைவிருக்காது. 'டோக்கன் தனம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். டூல் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ட்ரில், கேஜ், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தன் எண் பொறித்த பித்தளை வில்லைகள் உண்டு; அவைதான் டோக்கன். வில்லையை ஜன்னலில் வைத்தால் கருவி கிடைக்கும். கருவி இருந்த ஆணியில் அந்த வில்லை தொங்கும். கருவி திரும்பி வந்தால் வில்லையும் திரும்பிப் போகும். ஓய்வுக்குப் பிறகு தொழிற்சாலை நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து மாணவர்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் உதவத் தொடங்கியபோது அவரும் சேர்ந்தார். எழுபதை நெருங்கிய வயதிலும் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அக்காதான். "ஆன்ட்டின்னு கூப்பிட்டா ஒண்ணும் கிடையாது, ஓடு" என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது மேடையில். அப்போது எனக்குப் பத்தாம் வகுப்பு. லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கால் உடைந்து வீட்டில் கிடந்த வருஷம். குழு எனக்கு ஒரு பையும் புத்தகங்களும் கொடுத்தது. வாங்கும்போது கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். ஒரு வாரம் கழித்து என் முகம் ஸ்டேஷன் எதிரே, பஸ் நிறுத்தத்துக்கு மேலே, ஃப்ளெக்ஸ் பேனரில் தொங்கியது. 'வறுமையை வென்ற மாணவமணிகள்.' கொடுத்தவர்களின் முகங்கள் எங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தன.

அன்றிலிருந்து பஸ் நிறுத்தத்துப் பையன்களுக்கு என் பெயர் வறுமை. "டேய், வறுமை வருது, வழி விடு." "வறுமை, உன் பஸ் வந்துடுச்சு, ஏறு." அம்மா காய்கறி வாங்க மார்க்கெட் பின்பக்கச் சந்து வழியாகப் போகத் தொடங்கினார். அப்பா பேனரைப் பார்க்கவே இல்லை. யாரோ அதைப் போனில் படமெடுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தப் பெஞ்சின்மேல் ஏறி, ஒரு மூங்கில் குச்சியால் என் முகத்தை மட்டும் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"இன்னாடி பண்ற?"

தனம் அக்கா. கையில் கீரைக்கட்டு.

"என் மூஞ்சிய எடுக்கறேன்."

அவர் பேனரைப் பார்த்தார். அதில் அவர் முகமும் இருந்தது, ஓரத்தில். கீரைக்கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அந்தக் குச்சி எட்டாது. இறங்கு" என்றார். எதிரே இருந்த முருகேசன் அண்ணன் கடைக்குப் போய், உயரத்தில் தொங்கும் பைகளை எடுக்கும் கொக்கிக் கம்பை வாங்கி வந்தார். பெஞ்சின்மேல் அவரே ஏறினார். ஜனம் நின்று வேடிக்கை பார்க்க, கயிற்றை இழுத்து முழு பேனரையும் கீழே விழவைத்தார்.

"உன் மூஞ்ச மட்டும் எடுத்தா, மத்த புள்ளைங்க மூஞ்சி?" என்றார். அவ்வளவுதான். சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, கீரையை என் கையில் கொடுத்து, "வூடு வரைக்கும் தூக்கினு வா" என்றார்.

அந்தப் பேனரைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அவர் தரையில் விரித்துப் போட்டாராம். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்களாம். செயலாளர் ராமநாதன் சார், "என்ன தனம் இது, நன்கொடை கொடுக்கறவங்களுக்கு நாம ப்ரூஃப் காட்ட வேணாமா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்ன பதிலை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, அன்று நின்ற மாதிரியே நின்று, சொல்லிக் காட்டுவார்:

"இத்தினி வருஷம் டூல் ரூம்ல நின்னேன் சார். டோக்கன் வெச்சீங்க, டூல் குடுத்தேன். எதுக்கு ட்ரில்லுன்னு உங்களக் கேட்டேனா? கும்பிட்டு வாங்கிக்கோன்னு சொன்னேனா? கேமராவப் பாருன்னு சொன்னேனா?"

பிறகு ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். பித்தளை வில்லைகள். தொழிற்சாலை கம்ப்யூட்டருக்கு மாறியபோது குப்பைக்குப் போகவிருந்தவற்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தவர். அந்தப் பெரிய மனிதர்கள் பேனரின்மேல் மண்டியிட்டுத் தங்கள் எண்களைத் தேடினார்கள். தேய்ந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவினார்கள். ஒரு பழைய வெல்டர் தன் வில்லையை வாயில் கடித்துப் பார்த்தாராம். வேலை செய்யும்போது அப்படிப் பற்களில் கடித்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கம். அங்கேயே முடிவாகிவிட்டது. கருணையைப் பற்றி ஆயிரம் வார்த்தை பேசினாலும் அசையாதவர்கள் ஒரு பித்தளைத் துண்டுக்கு அசைந்தார்கள்.

அதன் பிறகு விழா இல்லை. பள்ளி திறக்குமுன் பிள்ளைகள் இரும்புலியூரில் அக்கா வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு வில்லை வாங்கிக்கொள்வோம். முருகேசன் அண்ணன் கடையில் அதை வைத்து வேண்டியதை எடுத்துக்கொள்வோம். வில்லை கடை ஆணியில் தொங்கும். குழு கடைக்காரரோடு கணக்கைத் தீர்த்ததும் அது அக்காவிடம் திரும்பிப் போகும். அந்த எண் எந்தத் தொழிலாளியுடையது என்று எங்களுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளையிடம் தன் எண் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

முதல் முறை கடையில் வில்லையை வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றேன். முருகேசன் அண்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இன்னா வோணும்? சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆளு கீது" என்றார். ஒரு கடைக்காரர் என்னிடம் அப்படி எரிந்து விழுந்தது எனக்கு எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்தது என்பதை, எப்போதும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஒரு பெண் வில்லையை வைத்து நோட்டுகளோடு ஒரு ஷட்டில் பேட்டும் எடுத்துவிட்டாள். ராமநாதன் சார் கொதித்துப்போனார். அக்கா சிரித்தார். "உங்க பேத்தி ஷட்டில் ஆடல? ஏழைப் புள்ளைன்னா வெறும் காம்பஸ் பாக்ஸத்தான் ஆசையா பாக்கணுமா?"

அவரைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. முரட்டுத்தனம் உண்டு. ஒருமுறை ஒரு தாய் தட்டில் பூவும் பழமும் வைத்து நன்றி சொல்ல வந்தார். "டோக்கன் வெச்சா டூல். இதெல்லாம் எதுக்கு? எடுத்துனு போ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்த அம்மாள் தெருமுனையில் நின்று அழுதார். நன்றி சொல்வதும் ஒரு மனுஷியின் உரிமைதானே என்று நான் சண்டை போட்டேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் தன் பக்கம் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

குழுவில் இருப்பவர்களே, முதியோர் இல்லத்தில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குழுவின் செலவில் மதியச் சாப்பாடு. இலையில் சோறு விழுந்தாகிவிட்டது. ஆனால் போட்டோ முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. ராமநாதன் சார் பேனர் நேராக இல்லை என்று இழுத்துக்கொண்டிருந்தார். முதியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அக்கா சாம்பார் வாளியோடு கேமராவுக்கும் வரிசைக்கும் நடுவில் நுழைந்து ஊற்ற ஆரம்பித்தார்.

"தனம், ஒரு நிமிஷம்! மறைக்கறே!"

"சோறு ஆறுது சார். போட்டோ ஆறாது."

அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் அக்காவின் முதுகுதான் இருக்கிறது. அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த முதுகு.

இப்போது சொல்லக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. எங்களில் யாருக்கும் தெரியாது. கால் வீங்கியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். "நின்னு நின்னு வேல செஞ்ச கால். வீங்காம?" என்றார். நம்பினேன். அவரோடு இருந்த தங்கை சரசு அக்கா, இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "டாக்டர் டயாலிசிஸ் உடனே ஆரம்பிக்கணும்னார். கையில காசு இல்ல. குழுவுல மருத்துவ உதவி கீதே, கேளுக்கான்னு நானும் தலையால அடிச்சுக்கினேன். மாட்டேன்ட்டா."

ஏன் மாட்டேன் என்றார் என்பது குழுவில் உள்ள எல்லோருக்கும் புரியும். மாணவர்களுக்கு நிறுத்திய படத்தை நோயாளிகளுக்கு நீங்கள் நிறுத்தவில்லை. வில்லையைக் கடித்துப் பார்த்த அந்த வெல்டர் படுக்கையில் விழுந்தபோது, மூக்கில் குழாயும் வாய் திறந்தபடியுமாக அவரைப் படமெடுத்து, 'கருணை உள்ளங்களே' என்று வாட்ஸப்பில் அனுப்பினீர்கள். அது ஊரெல்லாம் சுற்றி, அவருடைய மருமகளின் போனுக்கு அவர் இறந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். "நான் போனாலும் போவேன், அந்த மாதிரி வாயப் பொளந்துனு ஊரு சுத்த மாட்டேன்" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கெல்லாம் வில்லை கொடுத்த மனுஷிக்கு, ஒன்றும் கேட்காமல் ஒரு வில்லையை நீட்ட ஒருவரும் இல்லை என்பது மட்டும் தெரியும். அப்படி நீட்டாமல் போனவர்களில் நானும் ஒருத்தி.

இரங்கல் கூட்டம் இரும்புலியூர் சமுதாயக் கூடத்தில் நடந்தது. நுழைந்ததும் பேனர். அக்காவின் முகம், அவர் வாழ்நாளில் அனுமதித்திராத அளவில். அதன் கீழே வரிசையாக எங்கள் முகங்கள். 'தனம் அம்மையார் வளர்த்த செல்வங்கள்.' சரசு அக்கா கொடுத்த துணிப்பையிலிருந்து எல்லா வில்லைகளையும் எடுத்து, பளபளக்கத் துலக்கி, சிவப்பு வெல்வெட்டில் ஒட்டி, கண்ணாடி போட்டுச் சட்டமடித்து, மாலை போட்டு வைத்திருந்தார்கள். தன் எண் அக்காவோடு இருக்க வேண்டும் என்று தொழிற்சாலை நண்பர்கள் ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டார்களாம். ராமநாதன் சார் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பொய்யான அழுகை இல்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அழுது முடித்துவிட்டு அறிவித்தார்: பள்ளி திறந்ததும் தனம் நினைவுக் கல்வி விழா. மேடை, சிறப்பு விருந்தினர், பிள்ளைகள் பெற்றோரோடு வர வேண்டும்.

நான் எழுந்தேன். "சார், டோக்கன் எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்கே. பிள்ளைங்க கடையில எதை வைக்கும்?"

"இன்னிக்கு வேணாம்மா. துக்கத்துல இருக்கோம்" என்றார்.

பின்வரிசையில் முருகேசன் அண்ணன் தன் கடைச் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "ஆணி சும்மா கீது பாப்பா" என்றார்.

அக்காவின் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் கிடையாது. கடைசியாக வாங்கிய வில்லையைக்கூடக் கடைக்குக் கொண்டுபோகாமல், வேலை கிடைத்த அன்றே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்தால் திரும்பி வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். பட்டறையில் யாராவது கை நீட்டிக் கேட்டால், எதற்கு என்று கேட்க என் வாய் வருவதில்லை. அதை அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அவருடைய ஜன்னலில் நின்று வாங்கியதால் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் குழுவின் வாட்ஸப்பில் எழுதினேன். எல்லோரும் படித்தார்கள். கைகூப்பும் படங்கள் வந்தன, ரோஜாப்பூக்கள் வந்தன, அக்காவின் முகத்தை மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் வைத்த படம் ஒன்று வந்தது. பதில் வரவில்லை; அதனால்தான் எல்லோரும் பார்க்க இங்கேயும் எழுதுகிறேன்.

பேனர் இன்னும் சமுதாயக் கூட வாசலில் தொங்குகிறது. பள்ளி திறக்கப்போகிறது. ராமநாதன் சார், உங்களைத்தான் கேட்கிறேன்: அந்தக் கண்ணாடியை உடையுங்கள். வில்லைகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.