பால் அண்டாவில் சிவப்புப் பிடி

பிறர் நோன்பைத் தன் நோன்பென எண்ணிக் காப்பது ஓர் அறம். தன் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைக் காக்க அச்சமே போதும். முன்பின் அறியாத ஒருவர் தம் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை, அவர் பார்வை எட்டாத இடத்தில் நின்று காப்பதற்கு நெஞ்சில் நேர்மை வேண்டும். சில வேளை கடுஞ்சினமும் வேண்டும். இரண்டும் குறைவற வாய்த்தவள் பொள்ளாச்சிச் சாந்தாமணி.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், அவள் குடியிருந்த ஐசலினிலிருந்து இருபது நிமிடக் கார்ப் பயணத்தில் இருந்த யூத முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கட்டில் 2003ஆம் ஆண்டு அவள் வேலைக்குச் சேர்ந்தாள். கணவர் கோபாலசாமிக்கு இதய அறுவை முடிந்திருந்தது; கம்ப்யூட்டர் வேலையும் கையை விட்டுப் போயிருந்தது. அவர் மருந்துக்கும் மருத்துவருக்கும் இருந்த ஒரே பிடிமானம், சாந்தாமணியின் வேலையோடு வந்த இன்சூரன்ஸ். அவளுக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அந்த இன்சூரன்ஸுக்காக மூன்று ஆண்டுகள் அவள் அந்த வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

அந்த இல்லத்தில் சமையற்கட்டு ஒன்றல்ல, இரண்டு. இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. நடுவே ஒரு நடைவழி. இறைச்சியும் பாலும் சேரலாகாது என்பது யூதர்களின் வேத நெறி. ஆகையால் அடுப்பு, அண்டா, தொட்டி, தட்டு, துடைக்கிற துணி வரை எல்லாம் இரண்டிரண்டு. இறைச்சிக் கரண்டிக்குச் சிவப்புப் பிடி. பால் கரண்டிக்கு நீலப் பிடி. கொதிக்கும் உணவில் புழங்கிய பாத்திரம் அந்தச் சுவையைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், எத்தனை தேய்த்தாலும் அது போகாது என்பது அவர்கள் கொள்கை. இவற்றையெல்லாம் கண்காணிப்பதற்கென்றே மெண்டல் என்ற வெண்தாடிப் பெரியவர் அங்கே இருந்தார்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே சாந்தாமணி ஒரு தவறு செய்தாள். நம்மவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பதினொரு மணி அலுப்புக்கு ஒரு வாய் டீ வேண்டியிருக்க, இறைச்சிக் கட்டின் அடுப்பில் பாலைக் காய்ச்சிவிட்டாள். பால் பொங்கி அடுப்புக் கம்பிகளில் வழிந்தது. மெண்டல் திட்டவில்லை. அந்தக் கம்பிகளைத் தீக்குழாயால் செந்நிறமாகும் வரை சுட்டெடுத்தார். ஒரு மணி நேரம் குனிந்தே நின்றார். முடிந்தபின், "உன் டீ ஆறிப்போயிருக்கும், பால் கட்டில் வேறு போட்டுக்கொள்" என்றார். அந்த முதுகு வளைவைப் பார்த்த அன்றே சாந்தாமணி அந்த நெறியைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டாள். பொள்ளாச்சியில் அவள் தாய் வீட்டிலும் கறிச்சட்டி தனிதான். அதில் பருப்பு வேகாது. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

2006ஆம் ஆண்டு, ஜூன் முதல் நாள். தங்களுக்கு வேதம் அருளப்பட்ட நாளை யூதர்கள் கொண்டாடும் பண்டிகை அன்று மாலை தொடங்க இருந்தது. பாலுணவு உண்பது அந்தப் பண்டிகையின் மரபு. பால் கட்டில் பெரிய அண்டா நிறைய உருளைக்கிழங்குப் பால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு எண்பது முதியவர்கள் சாப்பிட உட்காருவார்கள். மெண்டல் மாடியில் மாலைத் தொழுகைக்குப் போயிருந்தார்.

சாந்தாமணி குளிர்ப்பெட்டி அறையிலிருந்து வெண்ணெயோடு திரும்பினாள். சமையற்கட்டு மேனேஜர் நஞ்சுண்டன் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தான். சத்தியமங்கலத்துக்காரன்; சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அவன் கையில் சிவப்புப் பிடி.

"நஞ்சுண்டா! என்ன பண்ணிப்போட்டே?"

அவன் திரும்பிப் பார்த்தான். பிடியைப் பார்த்தான். கரண்டியை மெல்ல வெளியே எடுத்தான்.

"நீலக் கரண்டி வாஷ்ல கெடக்குதுங்க்கா. அடி புடிக்குதேன்னு நடைவழில கைக்குக் கெடச்சத எடுத்துப்போட்டேன். கழுவுன கரண்டிதானுங்க, பளபளன்னு இருக்குது பாருங்க."

"மெண்டல் சார்கிட்டச் சொல்லோணும்."

"எதுக்குங்க? அவரு கீழ வந்து பாத்தா இந்த சூப்பையே கொட்டச் சொல்லுவாரு. மணி நாலே முக்கால். எம்பது கெழவன் கெழவிக்கு என்னத்த ஊத்துவீங்க? யாருக்குத் தெரியப் போவுது? விடுங்க்கா."

சாந்தாமணி அடுப்பை அணைத்தாள்.

"நீங்க மட்டும் என்னவாம்?" அவன் சிரித்தான். "ஊட்டுல ஆட்டுக்கறிக் கொழம்பு ஊத்தித் தின்னுபோட்டு, கடைசில தயிர் ஊத்திக்கறதில்லீங்களா?"

"ஊத்திக்கறேன். அது என்ர வயிறு. இது அவிய வயிறு, அவிய சாமி. நடுவுல பூந்து போச்சாது, பரவால்லீங்கறதுக்கு நீ யாருடா?"

அவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினான். "அக்கா, மேல போயிச் சொன்னீங்கன்னா, கரண்டியப் போட்டது நீங்கதான்னு நானும் சொல்லிப்போடுவேன். மேனேஜர் பேச்சு எடுபடுமா, குக்கு பேச்சு எடுபடுமா? கோபாலசாமி மாமாவோட மருந்த நெனச்சுப் பாருங்க."

கட்டி வைத்திருந்த வாய் அந்தக் கணத்தில் அவிழ்ந்தது. கணவரின் நோயை எடுத்துத் தன் வாயை அடைக்க வந்தானே என்ற சினம் உச்சந்தலை வரை ஏறியது. வெண்ணெய்ப் பெட்டியை மேசைமேல் ஓங்கி அடித்தாள். "என்ர ஊட்டுக்காரரு பேர எடுத்தியா? இனி உன்ர வாயில அவரு பேரு வந்துச்சுன்னா பாரு!" என்று அவள் போட்ட சத்தம் நடைவழியைக் கடந்து சாப்பாட்டுக் கூடம் வரை கேட்டது. முதியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சமையல் மேலாடையைக் கழற்றாமலே மாடிப்படி ஏறி, தொழுகைக் கூடத்தின் வாசலில் நின்று, "மிஸ்டர் மெண்டல்! கம்! நவ்!" என்று கூவினாள்.

மெண்டல் வந்தார். நஞ்சுண்டன் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில், "இந்த அம்மாதான் தவறான கரண்டியைப் போட்டார்" என்றான். அந்தக் கரண்டி கடைசியாக இறைச்சியில் புழங்கியது எப்போது என்று மெண்டல் கேட்டார். நஞ்சுண்டனுக்குத் தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம். சிக்கன் சூப்" என்றாள் சாந்தாமணி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"எவ்வளவு ஆழம் மூழ்கியது?"

சூப் படிந்திருந்த கோட்டைக் கரண்டியில் விரல் வைத்துக் காட்டினாள்.

மெண்டல் தம் குருவுக்குப் போன் செய்தார். சில நிமிடம் அவர்கள் மொழியில் பேச்சு. பிறகு விளக்கினார்: மூழ்கிய கரண்டியின் அளவைப்போல அறுபது மடங்கு சூப் அண்டாவில் இருக்கிறது, இல்லத்தாருக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை, ஆகவே சூப்பை உண்ணலாம். கரண்டியை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

நஞ்சுண்டன் இளித்தான். "பாத்தீங்களாக்கா? நாஞ் சொன்னாப்புல ஒண்ணுமே இல்ல. இதுக்குப் போயி ஊரக் கூட்டிப்போட்டீங்க."

சாந்தாமணிக்கு முன்னிருந்ததைவிட இரு மடங்கு கோபம் வந்தது. "ஒண்ணுமில்லீன்னு அவிய சொல்லோணும். நீ சொல்லப்படாது. நீயா மறச்சு ஊத்தியிருந்தீன்னா, அத்தன பேருக்கும் பொய்ய ஊத்துனாப்புல. வெளங்குதா?"

அவனுக்கு விளங்கவில்லை. மறுவாரம் இல்லத்தின் இயக்குநருக்குப் புகார் எழுதினான்: கூச்சலிட்டாள், வேலையை விட்டு ஓடினாள், தொழுகையைக் குலைத்தாள். இயக்குநர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இல்லையேல் வேலை இல்லை என்றார்.

வீட்டில் கோபாலசாமி, "ரெண்டு வரிதான சாந்தா, எழுதிக் குடுத்துப்போடு" என்றார். மகள் பிரீத்தி, "மா, ஜஸ்ட் சே சாரி. இட்ஸ் நாட் எ பிக் டீல்" என்றாள்.

"சத்தம் போட்டது தப்புன்னாலும் நாளைக்கும் போடுவேன். பொறவு எதுக்குச் சாரி?" என்று சாந்தாமணி கேட்டாள். கோபாலசாமி தம் மாத்திரைப் பெட்டியை மூடி வைத்தார். "சரி. எழுதாத" என்றார்.

எழுதாமலே இயக்குநரின் அறைக்குப் போனாள். மெண்டல் அங்கே உட்கார்ந்திருந்தார். "இவர் கத்தாதிருந்தால் நான் தொழுது முடித்து, அமைதியாக இறங்கி வந்து, ஒன்றும் அறியாமல் அந்த உணவுக்கு ஆசி கூறியிருப்பேன்" என்றார் அவர். "இவருடைய சத்தத்துக்கு இங்கே இடமில்லை என்றால், இந்தச் சமையற்கட்டு வேத நெறிப்படி நடக்கிறது என்ற சான்றில் என் கையெழுத்துக்கும் இடமில்லை."

சாந்தாமணியின் வேலை நிலைத்தது. நஞ்சுண்டனைத்தான் சமையற்கட்டிலிருந்து மாற்றினார்கள். ஆனால் அவள் கோபம் அதோடு தீரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஓக் ட்ரீ ரோட்டுக் காய்கறிக் கடையில் அவன், "அக்கா, சௌக்கியமுங்களா?" என்று அருகே வந்தான். அவள் பொறுக்கிக்கொண்டிருந்த முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தாள். மன்னிப்பதும் அறம் என்று அறிந்தோர் கூறுவர். அவள் இன்னும் அந்த அறத்துக்கு வந்து சேரவில்லை. வரவேண்டும் என்று அவளை வற்புறுத்தவும் நமக்குத் தகுதியில்லை.

எண்பது பேரின் நோன்பு குலையாமல் காத்தவளின் இல்லத்தை எல்லாம் வல்லவன் காத்தருள்க. கோபாலசாமியின் மூச்சு சீராக ஓடுக. பிரீத்தியின் நாவில் தாயின் துணிவு குடியேறுக. அந்த வீட்டுக் கதவு நன்மைக்குத் திறந்தும் வஞ்சனைக்கு மூடியும் நெடுநாள் நிலைபெறுக.