மணி மேளத்தோடு சேரும் வரை

எனக்கு எலெக்ட்ரானிக் இசை பிடித்துப்போனதற்குக் காரணம் ரசனை என்று சொன்னால் அது பொய். தொழில்தான் காரணம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வாழைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் தண்ணீர் இறைத்து இறைத்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் என்னிடம் வரும். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுருளாக, எங்கள் பேச்சில் காயிலாக, சுற்றி உள்ளே இறக்க வேண்டும். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. ஒரு கை பிடியைச் சுழற்றும், இன்னொரு கை கம்பியைச் சீராக விடும், வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். நடுவில் யாராவது வந்து, "தென்காசி பஸ் போயிட்டா?" என்று கேட்டால் தொலைந்தது. அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்த வேலைக்குச் சினிமாப் பாட்டு ஆகவே ஆகாது. வாய் எண்ணுவதை விட்டுவிட்டுப் பல்லவிக்குப் போய்விடும். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன் ஒருவன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். லீவுக்கு வந்தபோது என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரு மெமரி கார்டைக் கொடுத்தான். "இதுல வார்த்தையே கெடையாதுலே. எல்லாம் மெஷின் வாசிக்கது. போட்டுப் பாரு" என்றான். அதைப் போனில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். டும், டும், டும் என்று ஒரே சீராகத் தட்டு வந்தது. ஒரு தட்டுக்கு ஒரு சுற்று. கை தானாக அதோடு போனது.

அதில் ஒரு விளையாட்டு இருந்தது. பாதிப் பாட்டில் அந்தத் தட்டு திடீரென்று நின்றுவிடும். வேறு ஏதேதோ சத்தங்கள் புகைபோல எழும்பிக்கொண்டே போகும். ஆனால் என் கை நிற்க முடியாது. தட்டு இல்லாமலே அதே வேகத்தில் நான் சுற்ற வேண்டும், எண்ண வேண்டும். எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. வரும்போது பார்த்தால், என் கையும் அதுவும் ஒரே இடத்தில் நிற்கும். அந்த ஒரு நொடியில் எனக்கு வரும் சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். காயில் சுற்றுகிறவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்று ஏற்கெனவே பக்கத்து டீக்கடையில் பேச்சு.

வீடு தச்சநல்லூரில். என் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். பகல் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவளிடம் ஒருநாள் ஆசையாக ஹெட்போனைக் கொடுத்தேன். கொஞ்சம் கேட்டாள். "மிக்ஸியப் போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்தாலும் இதே சத்தந்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கச் சொன்னதில்லை.

அப்புறம் கடைக்குப் புது மெஷின் வந்தது. எத்தனை சுற்று என்று எண்ணைப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் தானே சுற்றும், தானே எண்ணும், முடிந்ததும் தானே நிற்கும். கழுத்து வலி போயிற்று. நல்ல மெஷின், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்த கொஞ்ச காலத்தில் பாட்டு அலுக்க ஆரம்பித்தது.

முதலில் பாட்டின் மேல்தான் பழி போட்டேன். இப்போது வருவதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது, எவனுக்கும் சரக்கு இல்லை என்று திட்டினேன். பழையதைத் தேடிப் போட்டேன், அதுவும் சப்பென்று இருந்தது. விலை கூடிய ஹெட்போன் வாங்கினேன். சப்பென்று இருந்தது இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒரு மத்தியானம் நடுப்பாட்டில் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பிறகு அதை எடுக்கவில்லை.

பயமாகத்தான் இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் நாக்குக்கு ருசி வராமலே போய்விட்டால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அந்த எரிச்சலை வீட்டில் காட்டினேன். குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் சண்டை. ஒருநாள் அவளே பொறுக்க முடியாமல் சொன்னாள்:

"ஏன் இப்படிச் சுள்ளுனு விழுதிய? பழையபடி அந்தச் சனியன மாட்டிக்கிட்டாவது இருங்க. அது இருக்கையில நீங்க மனுசனா இருந்திய."

"கேக்கப் பிடிக்கல" என்றேன். அன்று அவள் முகத்தில் என்னைவிடக் கவலை கூடுதலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு அம்மன் கோயில் மேளம் கடைக்கு வந்தது. ஆள் அடிக்கிற மேளம் இல்லை, மோட்டார் மேளம். இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, ஒரு பெரிய மணி, கீழே சின்ன மோட்டார். சுவிட்சைப் போட்டால் பெல்ட்டும் புல்லியும் சுழன்று, குண்டுக்கோல் முரசில் அடிக்கும், நாக்கு மணியில் அடிக்கும். தீபாராதனை முடியும்வரை கோயிலே அதிரும். மோட்டார் எரிந்துபோய்விட்டது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பலசரக்குக் கடை அண்ணாச்சி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அடிக்கணும்வே. இது இல்லாம பூசை நடந்தா ஏதோ எழவு விழுந்த துட்டி வீட்டுல நிக்க மாதிரி இருக்கு" என்றார்.

மோட்டாருக்குப் புதுக் காயில் போட்டேன். மாட்டும்போது பார்த்தால் மணி நாக்கை ஆட்டும் புல்லியில் விரிசல். பெட்டியில் கிடந்ததில் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிந்த ஒன்றை எடுத்து மாட்டினேன். ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் அடியிலேயே டீக்கடைக்காரர் சத்தம் தாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஓடிவந்தார். சரி என்று கோலிலும் மணி நாக்கிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு ஓடவிட்டேன். மோட்டார் சூடாகவில்லை, கரண்டும் அளவாக இழுத்தது. என் வேலை அவ்வளவுதானே. திருப்தியாக அனுப்பிவைத்தேன். காதால் ஒருமுறைகூட ஒழுங்காகக் கேட்காமல் ஒரு மேளத்தை அனுப்பியவன் திருநெல்வேலியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பூசாரி தீபத்தட்டை எடுக்க, அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். முரசும் மணியும் சேர்ந்து அடித்தன. எனக்குப் பெருமை. கொஞ்ச நேரத்தில் மணி லேசாகப் பிந்தியது. இன்னும் பிந்தியது. முரசு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று தனித்தனியாக அடிக்க ஆரம்பித்தன. புல்லி ஒரு நூல் அளவு பெரிது, அதுதான் மணியைப் பிந்த வைக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பூசாரி தட்டோடு திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணாச்சியும் பார்த்தார். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

எங்கள் கோயிலில் தீபம் மேலே எழும்போது பெண்கள் குலவை போடுவார்கள். அன்று தீபம் எழுந்தும் குலவை வரவில்லை. மேளம் தாறுமாறாக இருந்ததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மணி விலகிப் போய், போய், ஒரு கட்டத்துக்குப் பிறகு அடுத்த அடியை நெருங்க ஆரம்பித்தது. நான் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். என் வலது கை தொடையில் சுற்றிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காயில் பிடியைச் சுழற்றுவதுபோல, முரசின் அடிக்கு ஒரு சுற்று. மணி நெருங்கியது. இன்னும் கொஞ்சம். முரசும் மணியும் ஒரே அடியாக விழுந்த அந்த இடத்தில், பெண்கள் பக்கமிருந்து ஒற்றைக் குலவை எழுந்தது. சரியாக அங்கே, மயிரிழை பிசகாமல்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். குலவை போட்டது என் மனைவி.

மணி மறுபடி விலகிப் போனது. இந்த முறை பெண்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். பிள்ளைகள்கூடப் பேசவில்லை. இரண்டும் சேர்ந்தபோது மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் குலவை போட்டது. நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்றவர், அம்மன் அருள் என்று நினைத்து என் தோளில் கை வைத்தார். நான் மறுக்கவில்லை.

பூசை முடிந்ததும் பூசாரி அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். "மணி ஒரு வழி போகுது, மேளம் ஒரு வழி போகுது. நான் எது கூடச் சேந்து தட்டச் சுத்த?" நியாயமான கேள்வி. "நாளைக்கே புல்லிய மாத்திரும்வே" என்றார் அண்ணாச்சி. தலையாட்டினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளிடம் கேட்டேன். "அந்த எடத்துல குலவை போடணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மணி விலகிப் போச்சுல்லா. போனது வந்துதான ஆகணும். வரட்டும்னு நின்னேன்" என்றாள். "இதுல என்ன இருக்கு?"

வரட்டும் என்று நிற்பது. எனக்கு விட்டுப்போனது அதுதான். கையால் சுற்றிய காலத்தில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். பாட்டை மாற்ற முடியாது. எவ்வளவு நேரமானாலும் தட்டு திரும்பும்வரை காத்து நிற்கத்தான் வேண்டும். மெஷின் வந்ததும் கை ஓய்ந்தது. ஓய்ந்த கை சும்மா இருக்குமா, போனை எடுத்தது. தட்டு நின்றதும் அடுத்த பாட்டு, அதில் நின்றால் அதற்கடுத்தது. பசிக்க விடாமல் நாள் முழுக்கக் கொறித்துவிட்டு, சோறு ருசிக்கவில்லை என்று சமைத்தவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய்ச் சரியான புல்லியை மாட்டினேன். பிறகு கடைக்கு வந்து, ஒரு நீளமான பாட்டைப் போட்டுவிட்டு, போனை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். மெஷின் அது பாட்டுக்குச் சுற்றியது. நான் பாட்டுக்குத் தொடையில் கையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தட்டு நின்றது. நின்றேன். வந்தது. பழைய ஹெட்போன்தான், பழைய பாட்டுதான். டீக்கடையில் மறுபடி பேச ஆரம்பித்திருப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கு மறுநாள் அண்ணாச்சி கடைக்கு வந்தார்.

"ஏவே, அந்தப் புல்லி கெடக்கா?"

"எந்தப் புல்லி அண்ணாச்சி?"

"நீரு தப்பா மாட்டுனது. பொம்பளையெல்லாம் சண்டைக்கு வாராவ. எப்பமும் சேந்தே அடிக்கு, கொலவ போட எடமே இல்லங்காவ."

"பூசாரி?"

"அவருக்குப் பழகிரும்."

எடுத்துத் துடைத்து வைத்தேன். அன்று அங்கன்வாடி லீவு. மத்தியானம் மனைவி சோற்றுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். நான் பாட்டை நிறுத்தாமல் ஹெட்போனை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அதை எடுத்துக் காதில் வைத்திருக்கிறாள். திரும்பி வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தூக்கு இன்னும் திறக்கவில்லை. அது எந்தப் பாட்டு, எந்த இடம் என்று எனக்குத் தெரியும். தட்டு நின்று வெகுநேரம் ஆகியிருக்கும். எனக்கோ பசி. ஹெட்போனுக்காகக் கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பைய விலக்கினாள்.

"இருங்க" என்றாள். "இன்னும் சேரல."